ஏழு கடல் தாண்டிய கிளி: சமூக விக்கியில் ஒரு கதைக்கூறைத் தொகுக்கும் முறை

அரக்கனின் உயிர் அவன் உடலில் இல்லை. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கூண்டுக் கிளிக்குள் இருக்கிறது. பல கதைகளில் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கதைக்கூறுக்காக, பலரும் சேர்ந்து தொகுக்கும் ஒரு விக்கியில் ‘புற உயிர்’ என்றொரு பக்கத்தைத் தொடங்கி, கிடைத்த எடுத்துக்காட்டுகளையெல்லாம் நாடுவாரியாக அடுக்கினேன். பட்டியல் நாற்பதைத் தாண்டியபோது எனக்கே அதில் எதையும் தேடி எடுக்க முடியவில்லை. அதைப் பிரித்துக் கட்டிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், சேர்ப்பு விதியை ஒரே வரியில் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதுங்கள். என் விதி இது: உடலுக்கு வெளியே உள்ள ஒன்றை அழித்தால் அதற்குரியவர் இறக்க வேண்டும். ருசியக் கதைகளில் வரும் கோஷேயின் சாவு ஊசிமுனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். முனை முறிந்தால் அவன் சாகிறான் என்பதால் சேர்க்கலாம். கிரேக்கப் புராண வீரன் மெலியாகரின் தாய் எடுத்து வைத்திருந்த கொள்ளிக்கட்டையை நெருப்பிலிட்டதும் அவன் மாண்டான், அதையும் சேர்க்கலாம்.

நான் சறுக்கிய இடம் இதற்கு அடுத்தது. நாயகன் புறப்படும்போது ஒரு செடியை நட்டு, ‘இது வாடினால் எனக்கு ஆபத்து’ என்று சொல்லிப்போகும் கதைகளையும் இதே பட்டியலில் போட்டிருந்தேன். அங்கே செடி வாடுவதால் அவன் சாவதில்லை. அவனுக்கு ஆபத்து நேர்வதால்தான் செடி வாடுகிறது. நாட்டார் கதை ஆய்வாளர் ஸ்டித் தாம்ப்சனின் கதைக்கூறு அடைவு இவ்விரண்டுக்கும் E710, E761 என்று தனித்தனி எண்களைக் கொடுத்திருக்கிறது. மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எகிப்திய ‘இரு சகோதரர்’ கதையில் இரண்டுமே வருகின்றன: பாட்டாவின் இதயம் இருந்த மரம் வெட்டப்பட்டதும் அவன் இறக்கிறான், அண்ணன் அனுபுவின் கையிலிருந்த பீர் பொங்கி அச்செய்தியை அவனுக்கு உணர்த்துகிறது. செடிக் கதைகளைத் தனிப் பக்கமாகப் பிரித்துவிட்டு, இத்தகைய கதையை இரு பக்கங்களிலும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் அதற்குரிய நிகழ்ச்சியை மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, யாருடைய உயிர், எதில், எங்கே, எப்படி அழிகிறது, மூலம் என்னும் ஐந்து புலங்களோடு ஒரு வார்ப்புருவை, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் நிரப்ப வேண்டிய அச்சை, உருவாக்குங்கள். மூலம் காட்டாத பதிவை உரையாடல் பக்கத்துக்கு நகர்த்திவிடுவது என் வழக்கம். வார்ப்புரு வேலைக்கு, பக்கத்தின் தோற்றத்தைக் காட்டும் காட்சித் தொகுப்பியைவிட, விக்கிக் குறியீடுகளை அப்படியே காட்டும் மூலத் தொகுப்பியே மேல். தவறு எந்த வரியில் என்பது கண்ணுக்குத் தெரியும்.

பிறகு பகுப்புகள், அதாவது ஒரே வகைப் பக்கங்களைச் சேர்த்துக் காட்டும் தொகுதிகள். நாட்டின்படி பிரிக்காமல், உயிர் இருக்கும் இடத்தின்படி பறவை, பூச்சி, மரம், பொருள் எனப் பிரித்தால், வண்டுகளில் உயிரை வைத்திருந்த மயில் இராவணனுக்கும் உடனே இடம் கிடைக்கும். பத்திக்குள் ஒரு பகுப்பைச் சுட்ட வேண்டுமானால் [[:பகுப்பு:பறவையில் உயிர்]] என்று முன்னால் முக்காற்புள்ளி இடுங்கள். அதை விட்டால் அந்தச் சொல் வாக்கியத்திலிருந்து மறைந்து, பக்கமே அப்பகுப்புக்குள் போய்விடும். எங்கே போனதென்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன். கோஷே, கோசெய், கொஷ்செய் போன்ற எழுத்து வேறுபாடுகளுக்கு, தேடுபவரைச் சரியான பக்கத்துக்கு அனுப்பும் வழிமாற்றுப் பக்கங்கள் போதும்.

பின்சேர்க்கை: அக்கிலீசின் குதிகாலும் துரியோதனனின் தொடையும் ஏன் இல்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். அவை உடலிலேயே உள்ள பலவீனங்கள். விதியில் ‘உடலுக்கு வெளியே’ என்பதைத் தடித்த எழுத்தாக்கி, அவற்றுக்கு ‘உயிர்நிலை’ என்று தனிப் பக்கம் தொடங்கியிருக்கிறேன்.