புவி விஞ்ஞானத்தில் முதுமாணி, கலாநிதிப் படிப்பு: வந்தாறுமூலை, ஒலுவில் பட்டதாரிகள் விண்ணப்பிக்கும் வழி

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நமது பக்கத்தில் புவியியல் என்றால் ஜியோகிரபி. பாறை, கனிமம், நிலத்தடி நீர், நிலநடுக்கம் ஆகியவற்றைப் படிப்பது புவிச்சரிதவியல். அதற்கான தனித் துறை பேராதனை விஞ்ஞான பீடத்தில் இருக்கிறது. மொரட்டுவையில் புவி வளப் பொறியியல் இருக்கிறது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு துறை இல்லாததால் தங்களுக்கு வழியில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. இரசாயனம் படித்தவர் நீர்த்தரத்துக்கும் புவி இரசாயனத்துக்கும் போகலாம். பௌதிகமோ கணிதமோ படித்தவருக்குப் புவிப்பௌதிகம் பொருந்தும். ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட முறையோடு புவியியல் படித்தவருக்குக் கரையோர ஆய்வும், செய்மதிப் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வும் இருக்கின்றன. அமெரிக்கத் துறைகள் பல இத்தகையவர்களைச் சேர்த்துக்கொண்டு, குறையும் ஓரிரு பாடங்களை முதல் வருடத்தில் எடுக்கச் சொல்கின்றன.

உண்மையான தடை பட்டத்தின் நீளத்தில் வரலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 3 வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 4 வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல 4 வருடம் கேட்கும். பொதுப் பட்டம் மட்டும் உள்ளவர் பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் ஒரு முதுமாணியை முதலில் முடிப்பது நல்லது. அங்கும் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். 9ஆம் மட்ட முதுமாணி பாடங்களோடு முடிகிறது. 10ஆம் மட்டத்தில் ஆய்வும் சேரும். கலாநிதிப் படிப்புக்குப் போக நினைப்பவர் செலவும் காலமும் கூடினாலும் 10ஐயே எடுக்க வேண்டும்.

கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

விண்ணப்பத்தில் மிகக் கூடுதலாக எடைபோடுவது நீங்களே எடுத்த தரவு. அதற்கு ஆய்வகம் தேவையில்லை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் வீட்டுக் கிணறுகளைத் தாங்குவது உப்புநீர் மேல் மிதக்கும் நன்னீர்ப் படை. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைப்போல் 1.025 மடங்காக இருப்பதால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கோட்பாடு. நீர்மட்டம் சில சென்ரிமீற்றர் இறங்கினாலே அடியிலிருந்து உப்பு மேலேறுவது இதனால்தான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் மேலிருந்தே இந்தக் கிணறுகளுக்குள் இறங்கியது.

10 கிணறுகளைத் தெரிந்து, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, 2 கிழமைக்கு ஒரு தடவை காலையில் மோட்டர் போடுவதற்கு முன்னர் அளவிடுங்கள். கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டத்துக்கு நாடா போட்டு ஆழம் எடுங்கள். கையடக்க மீற்றரால், நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை எடுங்கள். அளவிடும் ஒவ்வொரு நாளும் தொடங்கு முன் 1413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசலில் மீற்றரைச் சரிபார்க்காவிட்டால், ஆறு மாத உழைப்பு வீணாகும். மற்றப் பிழை, விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதைக் குறிக்காமல் விடுவது. அதைக் குறிக்காவிட்டால் ஒரு கிணற்றின் ஆழத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஆவணி வரட்சியும் மார்கழி மழையும் ஒரே வரைபில் வர வேண்டும்.

நீர் பிடிக்காதவர் ஒலுவில் கரையை எடுக்கலாம். சென்ரினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம், 10 மீற்றர் துல்லியம், 5 நாளுக்கு ஒரு தடவை. அவற்றை வரைபடமாக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். மகாஓயா வெந்நீரூற்றுகளும் நல்ல தலைப்பு. அவை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்ற இரு பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லைப் பக்கம் இருக்கின்றன.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

அமெரிக்கா, கனடா, யப்பான் எங்கும் ஆய்வுப் பட்டத்துக்கு இடம் தருவதில் மேற்பார்வையாளரின் சொல்லுக்கு எடை கூட. ஆகவே பாடநெறியைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள். உங்கள் தலைப்புக்கு அண்மையில் கட்டுரை எழுதிய 15 பேரின் பட்டியல் போதும்.

மின்னஞ்சல் 200 சொல்லுக்குள் நிற்கட்டும். பொருள் வரியில் தலைப்பும் சேரும் வருடமும் வர வேண்டும். உள்ளே, அவருடைய எந்தக் கட்டுரையை ஏன் படித்தீர்கள், உங்கள் தரவு என்ன காட்டுகிறது, அடுத்த வருடம் நிதியோடு மாணவர் எடுக்கிறாரா, இந்த மூன்றும் போதும். ஒரு வரைபும் இரண்டு பக்கச் சுயவிபரமும் ஒரே பிடிஎஃப்பாக இணையுங்கள். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் அது படிக்காமலே அழிக்கப்படும். அவருடைய குடும்பப் பெயரோடு பேராசிரியர் என்று விளியுங்கள். பதில் வராவிட்டால் 2 கிழமைக்குப் பிறகு ஒரே ஒரு நினைவூட்டல் போடுங்கள்.

பத்திரங்கள்

பெயர்தான் பெரிய தலையிடி. பட்டச் சான்றிதழில் முதலெழுத்து, பிறப்புச் சான்றிதழில் தனிப்பெயர், கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் முன்னால் என்று மூன்று விதமாக இருக்கும். எல்லாப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வேறுபாடு இருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்திருங்கள். தமிழ்ச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

பெறுபேற்றுப் பத்திரத்துக்குப் பரீட்சைக் கிளையில் செப்டெம்பரிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் படித்தவர் கற்பித்தல் மொழிக் கடிதமும் வாங்கட்டும். சில இடங்களில் அது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்குப் பதிலாகும். தமிழில் படித்த கலைப்பீடத்தவர் அந்தப் பரீட்சையை எழுதியே ஆக வேண்டும். பெறுபேறு 2 வருடமே செல்லும் என்பதால் மிக முந்தி எழுதவும் வேண்டாம். பட்டப்பின் படிப்புக்கு அமெரிக்காவில் கேட்கப்பட்டு வந்த ஜிஆர்இ பரீட்சையைப் பல புவி விஞ்ஞானத் துறைகள் கைவிட்டுவிட்டன. துறையின் பக்கத்தில் பார்த்து உறுதி செய்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று. விரிவுரையாளரிடம் 6 கிழமை முன்னதாக, உங்கள் தரவையும், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்கக் கூற்றையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியையே படிவத்தில் போடுங்கள், ஜிமெயில் போட்டால் சந்தேகப்படும் இடங்கள் உண்டு.

நாட்களும் காசும்

அமெரிக்க இறுதி நாட்கள் பெரும்பாலும் டிசம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி வரை விழுகின்றன. அதுவே மட்டக்களப்பில் மழையும் வெள்ளமும் மின்வெட்டும் வரும் காலம். நவம்பர் முடியுமுன் எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். நியூயோர்க் நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10.29, அந்தக் கணக்கை நம்பிக் கடைசி நேரத்துக்கு வைத்திருக்க வேண்டாம். கட்டணம் கட்டும் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கட்டண விலக்கு வேண்டுமென்றால் துறையின் பட்டப்பின் படிப்பு இணைப்பாளருக்கு எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை.

ஜேர்மனியின் பெரும்பாலான அரசப் பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணமில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் தவணைக்கு 1500 யூரோ எடுக்கிறார்கள். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2 வருட வேலை அனுபவம் வேண்டும்.

இடம் கிடைத்த கடிதம் வந்ததும் மூன்றைப் பாருங்கள்: கற்கைக் கட்டணம் முழுதாக விலக்கப்பட்டிருக்கிறதா, மாதக் கொடுப்பனவு எத்தனை மாதத்துக்கு, மருத்துவக் காப்புறுதியை யார் கட்டுவது. சொல்லில் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். நிதியோடு வந்த இடத்துக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல உடன்பட்டிருக்கின்றன. அதற்கு முன்னர் யாராவது அவசரப்படுத்தினால் அந்த நாளை மரியாதையாகச் சுட்டிக்காட்டிவிட்டு, மற்ற இடங்களின் முடிவைக் கேட்டு எழுதுங்கள்.