இங்கிலாந்தில் புதிய ஊருக்குக் குடிமாறும்போது அரசு இடைநிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இங்கிலாந்துக்குள் வேறோர் ஊருக்கோ, வெளிநாட்டிலிருந்து இங்கிலாந்துக்கோ குடிமாறும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் "அந்தப் பக்கத்தில் நல்ல ஸ்கூல் எது?" என்றே முதலில் விசாரிக்கின்றன. அதற்கு முன்பே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் பார்த்து வைத்திருக்கும் வீட்டு முகவரியிலிருந்து எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும்? அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. சிபாரிசும் நன்கொடையும் செல்லாது. பெற்றோரையோ பிள்ளையையோ நேர்காணல் செய்து சேர்ப்பதற்கும் பொதுவாக அனுமதியில்லை. எழுதி வெளியிடப்பட்ட விதிகளின்படியே இடம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே கீழே உள்ள படிகளில் முதல் நான்கையாவது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் நடைமுறை வேறு.

படி 1: உங்கள் விண்ணப்பம் எந்த வகை என்று பாருங்கள்

பிள்ளை ஆரம்பப் பள்ளியின் இறுதி ஆண்டான இயர் 6-இல் இருந்தால், அடுத்த செப்டம்பரில் தொடங்கும் இயர் 7-க்கு அக்டோபர் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு மார்ச் 1 அன்றோ அதை அடுத்த வேலை நாளிலோ வரும். பள்ளி வேறு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) எல்லைக்குள் இருந்தாலும், விண்ணப்பத்தை நீங்கள் வசிக்கும் இடத்துக் கவுன்சிலிடமே கொடுக்க வேண்டும். மற்ற வகுப்புகளுக்கும், பள்ளி ஆண்டின் நடுவில் வந்து சேருவோருக்கும் ஆண்டிடைச் சேர்க்கை என்ற தனி வழி இருக்கிறது. அதைச் சில ஊர்களில் கவுன்சில் நடத்துகிறது, சில ஊர்களில் பள்ளியே நடத்துகிறது.

படி 2: சேர்க்கை விதிகளை வரிவரியாக வாசியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடும்போது யாருக்கு முன்னுரிமை என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். சிறப்புக் கல்வித் தேவைக்கான திட்ட ஆவணத்தில் அந்தப் பள்ளியின் பெயர் குறிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தே தீர வேண்டும். அவர்களுக்குப் பின், அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அதற்கு அடுத்து அதே பள்ளியில் படிக்கும் அண்ணன் அக்காமார், குறிப்பிட்ட ஆரம்பப் பள்ளிகளில் படித்தவர்கள், கேட்ச்மென்ட் எனப்படும் பள்ளிக்கென வகுத்த குடியிருப்பு எல்லை, வீட்டுத் தூரம் என்று வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும்.

தூரத்தை அளக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். சில கவுன்சில்கள் நேர்கோட்டில் அளக்கின்றன. சில, நடந்து செல்லும் மிகக் குறுகிய பாதையை அளக்கின்றன. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ரயில் பாதை ஓடினால் இந்த இரண்டு அளவுகளும் வெகுவாக வேறுபடும். கவுன்சில் ஆண்டுதோறும் வெளியிடும் சேர்க்கைக் கையேட்டில், தூரத்தின்படி கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பது பெரும்பாலும் அட்டவணையாகவே தரப்பட்டிருக்கும். ஓர் உதாரணம்: 180 இடங்கள் உள்ள பள்ளியில் அந்தக் கடைசித் தூரம் ஓர் ஆண்டு 1.4 மைல், அடுத்த ஆண்டு 1.1, அதற்கடுத்த ஆண்டு 0.9 என்று சுருங்கி வருகிறதென்றால், 1.2 மைல் தொலைவில் உள்ள வீட்டை "பள்ளிக்குப் பக்கம்" என்று வாடகை முகவர் சொல்வதை நம்பிவிடக் கூடாது. குறைந்தது மூன்று ஆண்டுகளின் எண்களையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று வகைப் பள்ளிகளுக்குத் தனிக் கவனம் தேவை. கத்தோலிக்கப் பள்ளி போன்ற சமயப் பள்ளிகள் ஞானஸ்நானச் சான்றையும், சில இடங்களில் பங்குத் தந்தை கையொப்பமிட்ட கூடுதல் படிவத்தையும் கேட்கும். அந்தப் படிவம் பெரும்பாலும் நேரே பள்ளிக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் இருக்கும் 163 கிராமர் பள்ளிகளில் நுழைவுத் தேர்வு உண்டு. கென்ட், பக்கிங்ஹாம்ஷர், லண்டனின் சட்டன் போன்ற பகுதிகளில் அதற்கான பதிவு கோடையிலேயே முடிந்துவிடுவதால், செப்டம்பரில் வந்து விசாரித்தால் காலம் கடந்திருக்கும். சில பள்ளிகள் எல்லாத் திறன் நிலைகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக ஒரு வகைப்படுத்தும் தேர்வு வைக்கின்றன. அதில் தேர்ச்சி, தோல்வி என்பது இல்லை. ஆனால் எழுதாத பிள்ளை வரிசையில் மிகவும் பின்னுக்குப் போய்விடக்கூடும்.

படி 3: அறிக்கையையும் தேர்வு முடிவுகளையும் படியுங்கள்

பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு, ஒரே சொல்லில் ஒட்டுமொத்தத் தரம் வழங்குவதை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டு, 2025 நவம்பரிலிருந்து பல தலைப்புகளில் தனித்தனியே மதிப்பிடுகிறது. ஆகவே பள்ளி வாசலில் தொங்கும் பழைய பதாகையை விட்டுவிட்டு அறிக்கையின் தேதியைப் பாருங்கள். ஆய்வுக்குப் பின் தலைமை ஆசிரியர் மாறியிருந்தால் அந்த அறிக்கை சொல்வது பெரும்பாலும் வேறொரு பள்ளியைப் பற்றியே.

இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வு முடிவுகளைக் கல்வித் துறையின் ஒப்பீட்டு இணையதளத்தில் காணலாம். ஆரம்பப் பள்ளி முடித்த நிலையிலிருந்து பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதைக் காட்டும் ப்ரோகிரஸ் 8 என்ற அளவையே நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் வெறும் மதிப்பெண் சராசரி பல நேரங்களில் அந்தப் பகுதியின் வருமானத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் 2024-25, 2025-26 ஆண்டுகளுக்கு இந்த அளவு கணக்கிடப்படவில்லை; அந்த மாணவர்கள் ஆரம்பப் பள்ளியை முடித்த 2020, 2021 ஆண்டுகளில் கோவிட் காரணமாகத் தேர்வுகள் நடைபெறவில்லை. ஆகவே 2023-24 வரையிலான எண்களையும், ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் கிரேடு 5 அல்லது அதற்கு மேல் பெற்ற மாணவர்களின் விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: பள்ளி இயங்கும் நாளில் நேரில் போங்கள்

பெற்றோர் வந்து பார்ப்பதற்காக அலங்கரித்து வைத்த மாலை நேரத் திறந்த நாளைவிட, வகுப்பு நடக்கும் சாதாரண நாளொன்றில் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்பது மேல். மணி அடித்துப் பிள்ளைகள் வகுப்பு மாறும் அந்த ஐந்து நிமிடங்களில் நடைகூடத்தில் நில்லுங்கள்: தள்ளுமுள்ளு இருக்கிறதா, ஆசிரியர்கள் வாசலில் நிற்கிறார்களா, தனியாக நடந்து வரும் சின்னப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். சுற்றிக் காட்டும் மாணவரிடம், நிரந்தர ஆசிரியர் இல்லாமல் மாற்று ஆசிரியரை வைத்து எத்தனை பாடங்கள் நடக்கின்றன என்று கேளுங்கள். ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு என்ன உதவி, யார் செய்வார்கள், வாரத்தில் எவ்வளவு நேரம் என்று பள்ளி அலுவலரிடம் கேளுங்கள். "எல்லோருக்கும் உதவுவோம்" என்ற பொதுவான பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

படி 5: விருப்ப வரிசையை உண்மையாக எழுதுங்கள்

குறைந்தது மூன்று பள்ளிகளையும், லண்டனில் ஆறு பள்ளிகள் வரையும் எழுதலாம். நீங்கள் எந்தப் பள்ளியை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதைக் கருதிப் பள்ளி உங்களை வரிசைப்படுத்த முடியாது. தகுதி பெறும் பள்ளிகளில் உங்கள் வரிசையில் மேலே உள்ளதையே கவுன்சில் வழங்கும். எனவே உண்மையாகவே விரும்பும் பள்ளியை முதலில் எழுதுங்கள். தூரத்தின்படி நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். ஒரே பள்ளியை மட்டும் எழுதுவதால் வாய்ப்பு சிறிதும் கூடாது. முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் கடிதம் போன்றவை கேட்கப்படும்; உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பெற்ற இடம் பின்னர் பறிக்கப்படலாம்.

படி 6: ஆண்டின் நடுவில் வருகிறவர்கள்

எந்தெந்தப் பள்ளிகளில் காலியிடம் இருக்கிறது என்று கவுன்சிலிடம் கேட்டால் அவர்கள் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தின் முடிவு 15 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் வர வேண்டும். பிள்ளை ஜிசிஎஸ்இ-க்குத் தயாராகும் இயர் 10 அல்லது 11-இல் இருந்தால், இயன்றவரை குடிமாற்றத்தையே தள்ளிப்போடுங்கள் என்பேன். முடியாதபோது, இப்போது படிக்கும் ஒவ்வொரு பாடத்தின் தேர்வு வாரியத்தையும் எழுதிக்கொண்டு போய்ப் புதிய பள்ளியில் ஒப்பிடுங்கள். ஆங்கில இலக்கியத்தில் பாதி படித்த நாடகமும் நாவலும் அங்கே வேறாக இருந்தால் பிள்ளை புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

இடம் மறுக்கப்பட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். அந்தப் பட்டியலும் சேர்க்கை விதிகளின்படியே வரிசைப்படும் என்பதால், பிறகு வந்த ஒருவர் உங்களுக்கு முன்னால் போகக்கூடும். இயர் 7-க்கு அதைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். அதோடு, பள்ளியைச் சாராத மேல்முறையீட்டுக் குழுவிடம் முறையிடும் உரிமையும் உண்டு. மறுப்புக் கடிதத்தில் கடைசித் தேதி இருக்கும். முறையீட்டில் பள்ளியின் பெருமையை எழுதுவதைவிட, உங்கள் பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஏன் தேவை என்பதை மருத்துவர் கடிதம், முந்தைய பள்ளியின் குறிப்பு போன்ற சான்றுகளோடு எழுதுங்கள். முறையீடு நிலுவையில் இருக்கும்போது, கையில் கிடைத்த இன்னொரு பள்ளியின் இடத்தை ஏற்றுக்கொண்டிருப்பது உங்கள் முறையீட்டைப் பாதிக்காது.