சின்ன அவுட்போர்டு படகை முதன்முதலாக எடுப்பவர்களுக்கு

பதினாறு அடி ஃபைபர் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின், நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. படகை ஓட்டுவதை அரை நாளில் பழகிவிடலாம். எஞ்சின் நின்றால், ஆள் விழுந்தால், காற்று மாறினால் என்ன செய்வது என்பதைத்தான் கரையிலேயே யோசித்து வைக்க வேண்டும். வரிசையாகப் பார்ப்போம்.

1. காற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்தில் வெளியிடுகிறது. காற்று நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 7 முதல் 10 நாட் வரை அங்கங்கே வெள்ளை நுரை தெரியும். 11 தாண்டினால் நுரை பரவலாகிவிடும். புதியவர்களுக்கு அன்று கரைதான் நல்லது.

சோழமண்டலக் கரையில் கோடைக்காலங்களில் காலையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று எழும். விடியலில் போய் பதினோரு மணிக்குள் திரும்புவது வசதி. ஆனால் காலையில் நிலத்திலிருந்து காற்று அடிக்கும்போது கரையோரம் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், அதை நம்பிவிடாதீர்கள். உள்ளே போகப் போக அலை வளரும், திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று. கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேளுங்கள். எல்லாப் படகும் மணலிலேயே கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரம் தாண்டியும் தகவல் இல்லை என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

2. ஜாக்கெட், கயிறு, பெட்ரோல்

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்துப் பயனில்லை. தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டிப் பாருங்கள், புரியும். வாங்கும்போது நியூட்டன் அளவைப் பாருங்கள், ஜாக்கெட் எவ்வளவு விசையோடு மிதக்க வைக்கும் என்பதைச் சொல்வது அதுதான். 50 நியூட்டன் ஜாக்கெட் நீந்தத் தெரிந்தவர் மிதக்க உதவும், அவ்வளவுதான். மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் நோக்கில் செய்யப்படுவது 100 நியூட்டனும் அதற்கு மேலும். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கேற்றது, கால் இடுக்கு வாரோடு.

எஞ்சினோடு வரும் சிவப்புச் சுருள் கயிறு, அதாவது கில் ஸ்விட்ச் கயிறு, ஓட்டுபவரின் தொடையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தூக்கியெறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, சுழலும் ப்ரொப்பல்லரோடு விழுந்தவர் மேலேயே வரலாம். கிளம்பும் முன் ஒருமுறை இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. தனியாகக் கழற்றும் டாங்க் என்றால் கரையில் இறக்கி நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கிவிடும்.

3. எல்லோரும் ஒரே பக்கம் போகக்கூடாது

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உங்கள் படகு அதைவிடச் சின்னது. டால்ஃபினே வந்தாலும் உட்கார்ந்தபடிதான் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. நங்கூரம்

மீன்பிடிக்க நிற்பதற்கான சாமான் என்று இதை நினைக்கிறார்கள். என் கணக்கில் இதுதான் படகின் பிரேக். எஞ்சின் நின்று படகு பாறைப் பக்கமோ அலை உடையும் இடத்துக்கோ ஒதுங்கினால், ஸ்பேனரைத் தேடுவதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்கள்.

நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை. தரையோடு படுத்தாற்போல் இழுபடும்போதுதான் மண்ணைக் கவ்வும். அதற்காகத்தான் நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலியும், தாராளமான கயிறும். ஆழம் 3 மீட்டர், முன்முனை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் மொத்தம் 4. அதன் ஐந்து மடங்கு, 20 மீட்டர் விட வேண்டும். காற்று பலமானால் ஏழு மடங்கு, 28. கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!

கட்டுவது எப்போதும் முன்பக்கம். பின்பக்கம் கட்டினால், ஏற்கெனவே எஞ்சின் எடையில் தாழ்ந்திருக்கும் பின்பலகை வழியாக அலை உள்ளே ஏறும். போட்ட பிறகு கரையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களை, ஒரு கோபுரமும் பனைமரமும் என்று வையுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேர்கோடு விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது.

5. ஆள் விழுந்தால்

பார்த்தவர் கத்த வேண்டும், கையை அவரை நோக்கி நீட்டியபடியே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கக்கூடாது. அலைகளுக்கு நடுவே ஒரு தலை நொடியில் மறையும். இன்னொருவர் மிதப்பது எதையாவது வீசட்டும்: மிதவை வளையம், மூடிய காலி கேன், எதுவானாலும். யாரும் குதிக்க வேண்டாம். குதித்தால் காப்பாற்ற இரண்டு பேர்.

ஓட்டுபவர் உடனே நியூட்ரலுக்கு மாற்றி, விழுந்த பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். அப்போது படகின் பின்பகுதி அவரை விட்டு விலகும். பிறகு வட்டமடித்து, முன்முனை காற்றைப் பார்க்கும்படி, ஓட்டுபவர் பக்கத்தில் அவர் வரும்படி மெதுவாக நெருங்குங்கள். கைக்கெட்டும் தூரத்தில் எஞ்சினை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் போதாது.

தூக்குவதுதான் கடினம். நனைந்த உடையோடு களைத்த ஆளைப் பக்கவாட்டில் இழுக்க எல்லோரும் குனிந்தால் படகே சாயும். இறுகாத கண்ணி தரும் போலைன் முடிச்சைப் பழகிக்கொள்ளுங்கள். கயிற்றில் அந்தக் கண்ணியைப் போட்டுத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் கால் வைத்து ஏறலாம். ஏணி இருந்தால் இன்னும் நல்லது. பாதி தண்ணீர் நிரப்பிய கேனை வீசி இந்தப் பயிற்சியை அமைதியான இடத்தில் செய்து பாருங்கள்.

6. எதிரே படகு வந்தால்

1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, நேருக்கு நேர் வரும் எஞ்சின் படகுகள் இரண்டுமே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வருவது உங்கள் வலப்பக்கம் இருந்தால் நீங்கள் வழிவிட வேண்டும். முந்துபவர்தான் விலகிப் போக வேண்டும். வலை விரித்த படகுக்குத் தூரமாகவே போங்கள். ஒரு படகு தெரியும் திசை மாறாமல் உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப் போகிறது என்று அர்த்தம்.

7. உதவி கேட்பது

கரையை விட்டு விலக விலக மொபைல் சிக்னல் போய்விடும். படகுகளில் பேசுவதற்கு வைத்திருக்கும் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல் அவசரத்துக்கு. உயிருக்கு ஆபத்து என்றால் "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆயிற்று, எத்தனை பேர். இடத்தை முந்திச் சொல்லிவிடுங்கள், பேச்சு நடுவில் அறுந்தாலும் தேட முடியும். படகு கவிழ்ந்தால் கரை பக்கம்போலத் தெரிந்தாலும் நீந்தக் கிளம்பாதீர்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக இருங்கள். தேடி வருபவர் கண்ணுக்குத் தனித் தலையைவிடப் படகுதான் முதலில் படும்.