முதல் இலையுதிர்காலம்: இளம் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணமாகி மாசசூசெட்ஸ் வந்த முதல் வருடம். அக்டோபர் இரண்டாவது திங்களையொட்டி வரும் லாங் வீக்கெண்டில், மாமனார் மாமியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு நியூ ஹாம்ப்ஷயரின் கான்கமேகஸ் ஹைவேக்குக் கிளம்பினோம். சுமார் 34 மைல் மலைச்சாலை. இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், நின்றன. ஆனால் வண்டிகள் ஊர்ந்தன. அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது, பெரும்பகுதி தூரத்துக்கு செல்போன் சிக்னலும் கிடையாது. இரண்டுமே எங்களுக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பின் சீட்டில் மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் இல்லம்மா, மெதுவாவே போங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாத்ரூம் போக வேண்டும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வழியில் ஒரு நிறுத்தம் வந்து, அவர் கதவைத் திறந்து இறங்கிய வேகத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

அன்று எடுத்த படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைப்பைதான் ஞாபகம் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே முதல் ஃபால் சீசனைப் பார்க்கப்போகும் தம்பதிகள், குறிப்பாக ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் வீடுகளில் இருப்பவர்கள், நாங்கள் பட்டதைப் படவேண்டியதில்லை.

முதலில், போகிற நாள். நிறம் வடக்கிலிருந்து தெற்காக இறங்கி வரும். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயரின் வடபகுதிகளில் செப்டம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். பாஸ்டன் பக்கம் அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. கனெக்டிகட் கடலோரமும் நியூ ஜெர்சியும் அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். ஆகவே லாங் வீக்கெண்டை விட்டால் வாய்ப்பே இல்லை என்பது சரியில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் போனால் அதே மலை அமைதியாக இருக்கும். போன வருடத் தேதியை வைத்துக்கொண்டு ஹோட்டல் போடுவதும் தவறு. கோடையில் பச்சையம் மற்ற நிறங்களை மூடிவைத்திருக்கும். பகல் குறையக் குறைய மரம் பச்சையம் செய்வதை நிறுத்தும்போது அடியிலிருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. சிவப்பு மட்டும் அந்தச் சமயத்தில் இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்தால் சிவப்பு கொழிக்கும். காற்றோடு ஒரு பெருமழை வந்தால் இரண்டே நாளில் தரையில் கிடக்கும். இது வருடத்துக்கு வருடம் மாறும். கிளம்பும் வாரத்தில் அந்தந்த மாநிலத்தின் சுற்றுலாத் தளத்தில் நிலவரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், வரைபடத்தை போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் கேட்காமலே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வண்டியை நிறுத்துங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, பெற்றோரின் திரும்பும் டிக்கெட். ஏப்ரல் தொடக்கத்தில் வரவழைத்தால், விசிட்டர் விசாவில் வழக்கமாகத் தங்கக் கிடைக்கும் ஆறு மாதம் செப்டம்பர் கடைசியோடு முடிந்துவிடும். குளிர் வருமுன் அனுப்பிவிடலாம் என்று பலரும் அந்த வாரத்துக்கே டிக்கெட் போடுகிறார்கள். வீட்டு வாசல் மரம் மஞ்சளாகும் பத்து நாளுக்கு முன் அவர்கள் விமானம் ஏறியிருப்பார்கள். மே மாதம் வரவழைத்துப் பாருங்கள். வேலைக்குப் போன பிள்ளைகளுக்காக நான்கு சுவருக்குள் கோடையைக் கழித்தவர்களுக்கு, அந்தப் பத்து நாள்தான் ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளும் விஷயமாக இருக்கும்.

அப்புறம் ஆப்பிள் தோட்டம். இளம் தம்பதிகள், நண்பர்கள், குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாகப் போவதற்கு இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியவில்லை. மேடு பள்ளம் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இங்கேயும் தவறுகள் உண்டு. எந்த ரகம் எப்போது பழுக்கும் என்று பார்க்காமல் போவது ஒன்று. மெக்கின்டாஷ் செப்டம்பர் தொடக்கத்தில் வந்துவிடும், ஹனிகிரிஸ்ப் செப்டம்பர் நடுவில், ஃபூஜி அக்டோபர் கடைசிப் பக்கம். ஹனிகிரிஸ்ப் வேண்டுமென்று அக்டோபர் மூன்றாவது வாரம் போய் நின்றால் வெறும் மரத்தைத்தான் பார்க்கலாம். போகும் காலையில் ஒரு போன் போட்டு இன்று எந்த வரிசை திறந்திருக்கிறது என்று கேட்பது நல்லது.

பறிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிடித்து இழுக்கக் கூடாது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்பக்கமாகத் தூக்கி, லேசாகத் திருகினால் காம்போடு கையில் வந்துவிடும். வராவிட்டால் அது இன்னும் பழுக்கவில்லை, விட்டுவிடலாம். இழுத்தால் காம்புக்கு அடியில் இருக்கும் குட்டையான கிளைத்துண்டும் ஒடிந்து வரும். அதில்தான் அடுத்த வருடத்து மொட்டு இருக்கிறது. எங்கள் மாமனார் தென்னந்தோப்புக்காரர். யாரும் சொல்லித்தராமலே முதல் பழத்தைத் தொட்டதும் அவர் கை அப்படித்தான் திரும்பியது. பக்கத்தில் கிளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு, அவன் கையைத் தன் கைக்குள் வைத்துத் திருகிக் காட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அந்தப் பையன் அதன் பிறகு ஒரு கிளையையும் உலுக்கவில்லை.

பையின் அளவிலும் கவனம் வேண்டும். ஒரு பெக் என்றால் 10 முதல் 12 பவுண்டு, அரை புஷல் என்றால் ஏறக்குறைய 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெக்கே தாராளம். உள்ளே நுழையும்போதே பைக்குக் காசு வாங்கிவிடுவார்கள் என்பதால் பெரியதை எடுக்கத் தோன்றும். வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மொத்தமாகக் கழுவிவைப்பதும் தவறுதான், ஈரம் பட்டால் சீக்கிரம் கெடும். கழுவாமல் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது கழுவுங்கள். கேரட்டோடு ஒரே டிராயரில் போடாதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துபோகும். அடிபட்ட பழங்களை முதலில் தீர்த்துவிடுங்கள். புளிப்பான பழமாக இருந்தால் துருவி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், வெந்தயப்பொடி, மிளகாய்த்தூள் சேர்த்துத் தொக்கு கிண்டிவிடலாம். மாங்காய்த் தொக்குக்கு மிக அருகில் வரும், தயிர்சாதத்துக்கு அருமை.

தோட்டத்துக் கடையில் ‘சைடர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மது என்று நினைத்துப் பெரியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். இங்கே வெறுமனே சைடர் என்றால் பிழிந்த, வடிகட்டாத ஆப்பிள் சாறு. ‘ஹார்டு சைடர்’ என்றால்தான் மது. ஆனால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். பாஸ்ச்சரைஸ் செய்யாத, அதாவது கிருமி சாகச் சூடாக்காத சைடரும் சில இடங்களில் விற்கிறார்கள், பாட்டிலில் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் அதைக் குடிக்கக் கூடாது. தரையில் விழுந்த பழங்களில் மான் எச்சம் பட்டிருக்கலாம், அதிலிருந்து ஈ.கோலி கிருமி வரும். இதே காரணத்துக்காக, கீழே கிடக்கும் பழத்தைப் புடவையில் துடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதையும் அன்பாகத் தடுத்துவிடுங்கள். சைடர் டோனட்டில் முட்டை இருப்பது வழக்கம். முட்டை சாப்பிடாத அம்மாவிடம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்வதைவிட முதலிலேயே கேட்டுக்கொள்வது மரியாதை.

பரங்கிக்காய் விஷயம் சுருக்கமானது. வாசலில் முகம் செதுக்க விற்கும் பெரிய பம்கின் வேறு, சமைக்கிற ‘ஷுகர் பம்கின்’ வேறு. பெரியது நாரும் தண்ணீருமாக இருக்கும், கூட்டு வைத்தால் ருசிக்காது. செதுக்குவதை அக்டோபர் 31-க்கு இரண்டு மூன்று நாள் முன் வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கியது ஒரு வாரம்கூட தாங்காது. காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்துவிடும். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் சின்ன எல்இடி விளக்கு போதும். விதைகளை மட்டும் எறிந்துவிடாமல் அலசி, துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் பிசறி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வறுத்தெடுங்கள்.

இனி சொல்லப்போவது விளையாட்டில்லை. ஃபால் வந்துவிட்டது, பூச்சி போய்விட்டது என்று நினைப்பது நான் பார்த்ததிலேயே ஆபத்தான தவறு. லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி அக்டோபர், நவம்பரிலும் நன்றாகவே நடமாடும். அந்த நோய்க்குப் பெயர் தந்த லைம் என்ற ஊரே பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. வளர்ந்த உண்ணி ஓர் எள் அளவுதான் இருக்கும். குழந்தைகள் இலைக்குவியலில் குதிப்பதும், படம் எடுக்கப் புல்லுக்குள் உட்காருவதும்தான் அதற்கு வாசல். முழு நீளப் பேண்ட் போட்டு, அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடைகளை டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், முடியோரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். மாமியாருக்குத் தலைப்பின்னல் அவிழ்த்துப் பார்ப்பது மருமகளுக்குக் கூச்சமாக இருக்கலாம். நான் சீப்போடு போய், “அத்தை, தலை வாரிவிடட்டுமா” என்று கேட்டுவிடுவேன். கடித்திருந்தால் மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சி, எண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும். அதனால் அன்றிரவே பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிவந்த இலைகளைப் பொறுக்கிப் புத்தகத்தில் வைப்பது எல்லோருக்கும் பிடிக்கும். அம்மா ஒருமுறை மரத்தில் ஏறியிருந்த கொடியிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு கொத்தைப் பறிக்கக் கை நீட்டினார். மூன்று மூன்றாக இலைகள், நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். பாய்சன் ஐவி. கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். “இது நம்ம சேராங்கொட்டை மாதிரிம்மா” என்றதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டும் ஒரே குடும்பம், மாவும் முந்திரியும்கூட அதே குடும்பம்தான். அதன் எண்ணெய் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பும், காய்ந்த இலையிலும் எண்ணெய் போகாது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொல்லைப்புறத்தில் நெருப்பு மூட்டி நண்பர்களோடு உட்காரும்போது இந்தக் கொடி விறகோடு போய்விடக் கூடாது, அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். வாரிக் குவித்த இலைகளை எரிப்பதற்கு மாசசூசெட்ஸில் அனுமதியே கிடையாது. நெருப்புக்குழி வைப்பதற்கும் உங்கள் டவுன் விதிகளைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். காய்ந்த இலைக்குவியல் மேல் காரை நிறுத்துவதும் வேண்டாம். அடியிலிருக்கும் சூட்டில் பற்றிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். செப்டம்பர் கடைசியிலிருந்து வார இறுதிகள் தானாக நிரம்பிவிடும். நவராத்திரி வந்தால் ஆறு வீட்டுக் கொலு, ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு ஆப்பிள் தோட்டம், ஒரு பிறந்தநாள், அப்புறம் தீபாவளி பாட்லக். எல்லோருக்கும் சரி சொல்லிவிட்டு, ஞாயிறு இரவு ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் தூங்கிப்போன வாரங்கள் எங்களுக்கு வரிசையாக இருந்தன. மாமியார்தான் ஒரு நாள், “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நாங்க சுண்டலுக்கு ஊறப்போடறோம்” என்று எங்களை வாசலுக்கு அனுப்பினார். எங்கள் தெருவைத் தாண்டவில்லை. கோடி வீட்டு மேப்பிள் மரத்தடியில் பிளாஸ்க் காபியை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து சீசனில் ஒரு வார இறுதியை யாருக்கும் கொடுப்பதில்லை. கொலு அழைப்புகளை ஒரே நாளில் தெருத் தெருவாகச் சேர்த்துக்கொள்கிறோம். தோட்டத்துக்குப் போக மூன்று குடும்பத்துக்கு மேல் சேர்ப்பதில்லை, அதற்கு மேல் போனால் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும்.

அந்த நடைக்கு நேரம் பார்த்துக் கிளம்புங்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அன்று பாஸ்டனில் நாலரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டும், அந்தியில் மான்கள் சாலைக்கு வரும், ஈர இலை பனிக்கட்டி போல வழுக்கும். காட்டுப் பாதை என்றால் வேட்டைக்காலம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று மணிக்கெல்லாம் பிளாஸ்க்கை நிரப்பிவிடுவோம்.