நோஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் நகல்கள்: எங்கே தவறுகிறோம்?

தரவை அட்டவணைகளில் வைத்துப் பழகிவிட்டு, அதை ஆவணங்களாக வைக்கும் மோங்கோடிபி போன்ற நோஎஸ்கியூஎல் தரவுத்தளங்களுக்கு வருபவர்கள், ஒரே தரவை இரண்டு இடங்களில் வைக்கக் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஆவணத்தில் இருந்தால் ஒரே வாசிப்பில் வேலை முடியும். எந்த நகல் மாற வேண்டும், எது மாறவே கூடாது என்று முடிவு செய்யாமல் நகலெடுப்பதுதான் தவறு.

இணையக் கடை ஒன்றில் ஒரு பொருளின் விலை 450 ரூபாயிலிருந்து 520 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பொருளின் எண் உள்ள எல்லா ஆவணங்களிலும் விலையை மாற்றும்படி நிரல் எழுதினால், போன மாத ஆர்டர்களும் 520 என்று மாறிவிடும். வாடிக்கையாளர் செலுத்தியது 450. அவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் எவ்வளவு கொடுப்பது? ஆர்டருக்குள் இருக்கும் விலையும் முகவரியும் அன்று நடந்ததற்குச் சாட்சி. அவற்றைத் தொடவே கூடாது. பொருள் விமர்சனத்தின் கீழே தெரியும் பயனர் பெயர் அப்படியல்ல. அவர் பெயரை மாற்றினால் அதுவும் மாற வேண்டும். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தவை.

எல்லா நகல்களையும் ஒரே பரிவர்த்தனையில் (எல்லா மாற்றமும் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது) மாற்ற முயல்வது அடுத்த தவறு. அமேசானின் நோஎஸ்கியூஎல் தரவுத்தளமான டைனமோடிபியில் ஒரு பரிவர்த்தனைக்கு 100 பதிவுகள்தான் வரம்பு. 3,000 விமர்சனம் எழுதியவரின் பெயர் அதில் அடங்காது. முதலில் மூல ஆவணத்தை, அதாவது பயனரின் சொந்த ஆவணத்தை, மாற்றுங்கள். நகல்களைப் பின்னணியில் ஒவ்வொன்றாக மாற்றலாம். சில நொடிகள் பழைய பெயர் தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கையிருப்பு எண்ணிக்கையை அப்படி விடக் கூடாது: பணம் வாங்கும் கட்டத்தில் அதை மூலத்திலிருந்தே படியுங்கள்.

பின்னணி வேலை பாதியில் நின்று மீண்டும் ஓடும். பழைய செய்தி புதியதற்குப் பின்னால் வந்து சேரவும் கூடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடும் ஒரு பதிப்பு எண்ணை மூலத்தில் வைத்து, நகலில் இருப்பதைவிடப் பெரிய எண் வந்தால் மட்டும் எழுதுங்கள். பின்னணி வேலை மாற்றங்களைப் படித்துக்கொள்ளும் டைனமோடிபி ஸ்ட்ரீமில் (மாற்றங்களின் வரிசைப் பதிவு) அவை 24 மணி நேரம்தான் தங்கும். வார இறுதியில் அந்த வேலை நின்றுபோய்த் திங்களன்று கவனித்தால் இடையில் நடந்தவற்றில் 24 மணி நேரத்தைத் தாண்டிய மாற்றங்கள் போனவைதான். மூலத்தையும் நகலையும் தினமும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் தனி நிரல் இதற்காகவே வேண்டும்.

விமர்சனங்களில் பயனர் எண்ணுக்கு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) போட மறக்காதீர்கள். அது இல்லையென்றால், ஒருவர் பெயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் விமர்சனத் தொகுப்பு முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும்.