கொலை வழக்கில் தற்காப்பு வாதத்தை எழுப்பும் முறை

இந்தியாவில் சம்பவம் 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ நடந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளையும், அதற்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளையும் முதலில் படிக்க வேண்டும். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியுடையதே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருடையதே; எனினும் அவர் ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அவ்வாறு நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

பலரும் கோட்டைவிடுவது எதிரியின் உடலில் இருந்த காயங்களைத்தான். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைப் பெற்று, மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்யும்போதே அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யுங்கள். அதே சம்பவத்தில் ஏற்பட்ட பலத்த காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால், அதன் சாட்சிகளின் நம்பகத்தன்மையே ஆட்டம் காணும்.

தற்காப்பின் எல்லை, முன்திட்டமின்றி நல்லெண்ணத்தோடு, தேவைக்கு மேல் தீங்கிழைக்கும் நோக்கமில்லாமல் மீறப்பட்டிருந்தால், குற்றம் கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும்.