கேட் விலையும் இறக்குமதி வரியும்: கொட்டேஷன் எழுதுகிறவளின் கணக்கு

அமெரிக்கா இரும்புக்கு 50% வரி போட்டால் இங்கே மலேசியாவில், பந்திங்கில் கேட் விலை ஏறுமா? வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. அந்த வரியால் ஏறாது. சில சமயம் இறங்கவும் செய்யும். விலையை ஏற்றுவது நம் நாடு போடும் வரி. அதைப் பற்றிப் பேப்பரில் ஒரு மூலையில்தான் வரும், யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டார்கள்.

நாங்கள் கேட், கிரில், ஆவ்னிங் (வாசல் கூரை) செய்கிற பட்டறை வைத்திருக்கிறோம். செம்பனைத் தோட்டங்களுக்கு டிரெய்லர் தளம் மாற்றிக் கொடுப்பதும் உண்டு. வெல்டிங் வீட்டுக்காரருடையது. இரும்பு வாங்குவது, கொட்டேஷன் எழுதுவது, "போன வருஷம் எங்க அண்ணன் வீட்டுக்கு இவ்வளவுதானே போட்டீங்க, இப்ப என்னக்கா இப்படி?" என்பவர்களுக்குப் பதில் சொல்வது என் பாடு. வரிச் செய்தியை வெள்ளி (ரிங்கிட்), காசாக மாற்றிப் பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட் போடப் போகிறவருக்கும் உதவும், புதிதாகப் பட்டறை திறந்த தம்பிகளுக்கும் உதவும்.

வரி யார் வீட்டு வாசலில்?

எந்தச் செய்தி வந்தாலும் முதலில் இதைப் பாருங்கள். அமெரிக்கா 2018 மார்ச்சில் இரும்புக்கு 25%, அலுமினியத்துக்கு 10% போட்டது. 2025 மார்ச் 12-ல் இரண்டுக்கும் 25% ஆக்கி, முன்பு கொடுத்த விலக்குகளையும் எடுத்துவிட்டது. ஜூன் 4-ல் அதுவே 50% ஆனது. இந்தப் பணத்தைக் கட்டுகிறவர் அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறவர். அங்கே விலை ஏறும், அங்கே வாங்குகிறவர் குறைவார். அங்கே போக வேண்டிய சரக்கு வேறு துறைமுகம் தேடும்.

சீன இரும்பு நேராக அமெரிக்கா போவது ஏற்கெனவே கொஞ்சம்தான். ஆனால் கொரியாவும் வியட்நாமும் அங்கே விற்றதை விற்க முடியாமல் போனால், அவர்களும் சீனாவும் ஒரே சந்தையில் வந்து முட்டிக்கொள்வார்கள். சீனா 2024-ல் மட்டும் 11 கோடி டன்னுக்கு மேல் இரும்பு ஏற்றுமதி செய்தது. 2015-க்குப் பிறகு அதுவரை அதுதான் அதிகம். அந்த நெரிசல் போர்ட் கிள்ளானுக்கு வரும்போது நமக்கு மலிவு. நம் ஆலைகளுக்குத் தலைவலி.

தலைவலி வந்த ஆலை மித்தியிடம், அதாவது முதலீடு, வணிக, தொழில் அமைச்சிடம், மனுப் போடும். இப்போதுதான் வரி நம் வாசலுக்கு வருகிறது. 2025 ஜூலையில் சீனா, கொரியா, வியட்நாமிலிருந்து வரும் ஜிஐ (துத்தநாகப் பூச்சு இரும்பு) சுருளுக்கும் தகட்டுக்கும் மலேசியா தற்காலிகக் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. சொந்த நாட்டு விலையைவிட மலிவாக இங்கே கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கிற வரி அது. குறைந்தது 4%-க்குக் கீழ், அதிகபட்சம் 57%-க்கு மேல். எந்த நாடு என்பதோடு எந்த ஆலை என்பதையும் வைத்து விகிதம் மாறும். தற்காலிக வரி 120 நாள் வரை ஓடும். விசாரணை முடிந்து உறுதியானால் பொதுவாக ஐந்து ஆண்டு. ஆவ்னிங் போடுகிறவர்கள் டிரம்ப்பை விட்டுவிட்டு இதைத்தான் கவனிக்க வேண்டும்.

"நான் உள்ளூர்ச் சரக்குதான் வாங்குறேன், எனக்கு என்ன?" என்று சிலர் நினைப்பார்கள். வெளிநாட்டுச் சரக்கு டன் 3,000 வெள்ளிக்கு வந்து நிற்கும்போது உள்ளூர் ஆலை 2,950-க்கு விற்கும். வரி சேர்ந்து அது 3,400 ஆனால், இவரும் 3,350-க்கு ஏற்றிவிடுவார். செலவு ஏறியிருக்காது, போட்டி விலகியிருக்கும், அவ்வளவுதான். (இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.)

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, வீடு கட்டுகிறவர்களுக்கு நல்ல செய்தி. கான்கிரீட் கம்பியை நம் நாட்டு ஆலைகளே தேவைக்கு மேல் உருக்குகின்றன. 2023 ஆகஸ்டில் புது இரும்பாலை லைசென்சையே இரண்டு ஆண்டு நிறுத்தி வைக்கிற அளவுக்கு உற்பத்தித் திறன் பெருகிக் கிடந்தது. அங்கே ஆலைகள் தங்களுக்குள்ளேயே விலையைக் குறைத்துக்கொள்வார்கள், இறக்குமதி வரி இருப்பதே விலையில் தெரியாது. உள்ளூரில் பற்றாக்குறை உள்ள பொருளில்தான் வரி கடிக்கும்.

எந்த வடிவம்?

"இரும்புக்கு வரி" என்று ஒன்று கிடையாது. சுங்கத்துறை ஒவ்வொரு வடிவத்துக்கும் எண் வைத்திருக்கிறது. சூடாக உருட்டிய அகலச் சுருள் 7208. குளிராக உருட்டியது 7209. ஜிஐ மாதிரி பூச்சுப் போட்டது 7210. நாம் கேட்டுக்கு வாங்கும் ஹாலோ (உள்ளே வெற்றான சதுரக் குழாய்) 7306. ஸ்டெயின்லெஸ் தகடு 7219. அலுமினியச் சட்டம் 7604. முடிந்த இரும்புக் கதவு, சன்னல் 7308-க்குள் வரும், அலுமினியத்தில் செய்தது 7610. சுங்கத்துறையின் எச்எஸ் எக்ஸ்புளோரர் பக்கத்தில் எண்ணைத் தட்டினால் விகிதம் தெரியும். ஆசியான் நாட்டுச் சரக்குக்கு ஃபார்ம் டி (ஆசியானில் செய்தது என்ற சான்று) இருந்தால் பெரும்பாலும் சுழியம். குவிப்புத் தடுப்பு வரிக்கு அந்தச் சலுகை செல்லாது. வியட்நாம் அதில் மாட்டியது அப்படித்தான்.

வடிவத்தைக் கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் செம்பு சாட்சி. 2025 ஜூலையில் அமெரிக்கா செம்புக்கு 50% என்று அறிவித்ததும் நியூயார்க் விலை தனியே எகிறியது. மாதக் கடைசியில் விவரம் வெளியானபோது, வரி குழாய், கம்பி போன்றவற்றுக்கு மட்டும், சுத்திகரித்த செம்புக்கட்டிக்கு இல்லை என்று தெரிந்தது. நியூயார்க் விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. லண்டன் விலை அப்படி ஏறவும் இல்லை, அப்படி விழவும் இல்லை. பழைய ஒயர் விற்கப் போகிற பையன்களுக்குச் சொல்கிறேன்: பெசி புருக் (பழைய இரும்பு) கடையில் "அமெரிக்காவுல விலை விழுந்துருச்சு தம்பி" என்று குறைத்தால், லண்டன் உலோகச் சந்தையின் (எல்எம்இ) விலையைக் கைபேசியில் எடுத்துக் காட்டுங்கள்.

டாலரை மறந்துவிட்டு வரியைப் பேசாதீர்கள்

சுருள் ஒரு டன், கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்து 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 4.20 என்றால் 2,100 வெள்ளி. 15% இறக்குமதி வரி 315. மொத்தம் 2,415. விற்பனை வரி இருந்தால் அது இந்த 2,415-இன் மேல் கணக்காகும், வரிக்கு மேல் வரி.

இப்போது வரியே இல்லை, ஆனால் டாலர் 4.80 என்று போட்டுப் பாருங்கள். 2,400 வெள்ளி. ஏறக்குறைய அதே தொகை! இது கற்பனை இல்லை. 2024 பிப்ரவரியில் டாலர் 4.80-ஐத் தொடுகிற அளவுக்குப் போனது, அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12 பக்கம் இறங்கியது. அந்த வித்தியாசம் ஒரு முழு இறக்குமதி வரிக்குச் சமம். வெள்ளி வலுத்தபோது எந்த ஹார்ட்வேர் கடையும் தானாக விலையைக் குறைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

சுருள் குழாய் ஆலைக்குப் போய், ஹாலோவாகி, கிள்ளான் ஸ்டோக்கிஸ்ட் வழியாக நம் கடைக்கு வர ஓரிரு மாதம் பிடிக்கும். ஆகவே செய்தி வந்த மறுநாளே விலை ஏற்றுகிறவர் பழைய சரக்கைப் புது விலைக்கு விற்கிறார். வியாபாரத்தில் அது சகஜம். ஆனாலும் பேரம் பேச அதுதான் இடம்.

கேட்டை எடை போடுங்கள்

இதுதான் முக்கியமான பாடம். சதுர ஹாலோவின் எடைக்குச் சூத்திரம் சுலபம்: பக்கத்திலிருந்து கனத்தைக் கழித்து, நாலால் பெருக்கி, கனத்தால் பெருக்கி, 7.85-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். எல்லாம் மில்லிமீட்டரில். ஒன்றரை அங்குல ஹாலோ என்றால் 38. கனம் 1.2. மீட்டருக்கு 1.39 கிலோ, 20 அடி நீளத்துக்கு எட்டரைக் கிலோ.

ஒரு கேட்டுக்கு இருபது நீளம் போகிறது என்றால் 170 கிலோ. சுருள் விலை டன்னுக்கு 300 வெள்ளி ஏறினால் கிலோவுக்கு 30 காசு. கேட்டுக்கு 51 வெள்ளி. வெட்டுச் சேதாரம் சேர்த்தால் 56 என்று வையுங்கள். கேட் விலை 4,000 வெள்ளி என்றால் இது ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. மீதியெல்லாம் கூலி, பெயின்ட், மோட்டார், லோரி, கடை வாடகை. "வரி ஏறிடுச்சு, ஐநூறு கூடும்" என்று ஒருவர் சொன்னால், எத்தனை கிலோ என்று மட்டும் கேளுங்கள். கோபப்பட வேண்டாம். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே இறங்கிவிடுவார்கள்.

தோட்ட டிரெய்லரின் தளத்தில் இந்தக் கணக்கு மாறும். அங்கே தகடு கனம், கூலி குறைவு, இரும்பின் பங்கு பெரிது. ஆகவே வரி அங்கே நன்றாகவே உறைக்கும். ஆவ்னிங் இரண்டுக்கும் நடுவில்.

விலை ஏறும் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். 1.2 என்று சொல்லி 1.0 கனத்தில் ஹாலோ வரும். மேற்சொன்ன சூத்திரத்தில் போட்டால் நீளத்துக்கு ஏழு கிலோ. விலை அப்படியே இருக்கிற மாதிரி தெரியும், ஆறில் ஒரு பங்கு இரும்பு காணாமல் போயிருக்கும். கேலிப்பர் ஒன்று வாங்கி வையுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அளக்க வேண்டும், வெட்டிய முனையில்.

ஸ்டெயின்லெஸ் தனி ரகம். 304-இல் எட்டு விழுக்காடு அளவுக்கு நிக்கல் இருப்பதால் அது நிக்கல் விலையோடு ஓடும். 2022 மார்ச் 8-ல் லண்டனில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். பக்கத்தில் இந்தோனேசியாவில் நிக்கல் கொட்டிக் கிடக்கிறதே, ஸ்டெயின்லெஸ் மலிவாக வராதா என்றால், அங்கிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் குளிர் உருட்டுச் சுருளுக்கு மலேசியா 2021-லேயே குவிப்புத் தடுப்பு வரி போட்டது. அலுமினியத்துக்கு லண்டன் விலையும் அதன் மேல் ஒரு பிரீமியமும் (கூடுதல் தொகை) சேரும். செம்பனைக் குலை அறுக்க அலுமினியக் கம்பு வாங்குகிற தோட்டக்காரர்கள் இந்த விலையைப் பார்த்தால் போதும்.

அப்படியென்றால் வரி கெட்டதா?

உருக்குகிறவருக்கு நல்லது, அதை வாங்கிப் பொருள் செய்கிறவருக்குச் செலவு. எங்கள் பந்திங் பக்கமே பாடம் இருக்கிறது. மெகாஸ்டீல் ஆலைதான் ஒரு காலத்தில் நாட்டில் சூடாக உருட்டிய சுருள் செய்த ஒரே ஆலை. அதைக் காக்க இறக்குமதி வரி 50% வரை இருந்தது. குழாய், தகடு செய்யும் ஆலைகள் முறையிட்டுக்கொண்டே இருந்தன. அவ்வளவு காத்தும் 2016-ல் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் வரியே வேண்டாம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் சுருளுக்கு வரி போட்டு, அதே சுருளில் செய்த முடிந்த கதவுக்கு வரி குறைவாக விட்டால், என் மாதிரி பட்டறைதான் முதலில் மூடும். தகட்டின் எண் 7210-க்கு என்ன வரி, கதவின் எண் 7308-க்கு என்ன வரி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

அமெரிக்கா 2018-ல் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வரி போட்டபோது அதன் விலை சுமார் 12% ஏறியது. வரியே இல்லாத துணி உலர்த்தும் இயந்திரமும் கூடவே ஏறியது. இரண்டையும் ஜோடியாக விற்கிறவர்கள் சுமையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 1,800 வேலை உருவானது, ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்தது எட்டு லட்சம் டாலருக்கு மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் ஊரிலும் இதே வேலை நடக்கும். ஜிஐ தகட்டுக்கு வரி வந்த மாதம், திருகாணிக்கும் சிலிகானுக்கும் சேர்த்து விலை ஏறும். பில்லை வரி வரியாகப் படியுங்கள்.

கொட்டேஷனில் நான் எழுதுவது இவ்வளவுதான்: விலை 14 நாள் செல்லும். முன்பணம் வந்த அன்றே அந்த வேலைக்கான இரும்பை வாங்கிவிடுவேன், அதன் பிறகு ஏறினாலும் இறங்கினாலும் வாடிக்கையாளருக்கு அதே விலை. பெரிய தோட்ட வேலைக்கு இரும்பின் எடையையும் கிலோ விலையையும் தனியாகக் காட்டுவேன். அந்தத் தொகை மட்டும் மாறலாம் என்று இரு தரப்பும் கையெழுத்து.

தெலுக் பங்ளிமா காராங் பக்கம் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குத் துணை வேலை எடுக்கும் பட்டறைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 407 பொருள் எண்களை அந்த இரும்பு, அலுமினிய வரிக்குள் கொண்டுவந்தது. அப்போது பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்புக்கு 50% என்று வைத்தது. அதனால் வாங்குகிறவர் எத்தனை கிலோ இரும்பு, என்ன விலை, எந்த நாட்டில் உருக்கி வார்த்தது என்று கேட்பார். பதில் ஆலைச் சான்றிதழில் இருக்கும். ஸ்டோக்கிஸ்டிடம் அதை லோரி வருவதற்கு முன்பே கேட்டு வாங்கி, சுருள் எண்ணைச் சரிபாருங்கள். சரக்கை இறக்கிக் காசும் கொடுத்த பிறகு கேட்டால் "நாளைக்கு அனுப்புறேன்" என்பார்கள், வராது.